வயலின் பீசோ பிக்கப்புக்கு எந்த டிஐ பாக்ஸ்?

வணக்கம். வயலினில் பீசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்கும் சிறு கருவி), அதை பாசிவ் டிஐ (வாத்தியத்தை ரெக்கார்டிங் இன்புட்டோடு பொருத்தும், மின்சாரம் தேவைப்படாத பெட்டி) வழியாகப் பதிந்தால் ஒலி மெலிந்து கீச்சென்று கேட்கிறது, அதே பாக்ஸில் கீபோர்டு அருமையாக இருக்கிறது என்கிறீர்கள். பாக்ஸ் பழுதில்லை, வயலினுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பீசோ ஒரு கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். எதிரே இருக்கும் இன்புட் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அந்த இன்புட் காட்டும் தடை, ஓமில் அளப்பது) குறைந்தால் கீழ் ஸ்தாயி முதலில் போய்விடும். பிக்கப்பின் கெபாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியல் ஜேடிஐ போன்ற பாசிவ் பாக்ஸின் 140 கிலோ ஓமில், சுமார் 1,100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய ஆரம்பிக்கும். வயலினின் உயிரே அங்கேதான் இருக்கிறது! 1 மெகா ஓமில் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸ். 10 மெகா ஓமில் வெறும் 16.

அதனால் வயலினுக்கு ஆக்டிவ் டிஐ (மின்சாரத்தில் இயங்கும் வகை) வாங்குங்கள். கன்ட்ரிமேன் டைப் 85-இல் 10 மெகா ஓம் உண்டு. ரேடியல் பிஇசட்-டிஐயில் 10 மெகா ஓமைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக்டிவ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ரேடியல் ஜே48-இல் 220 கிலோ ஓம்தான். கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபாண்டம் (டிஐக்கு கேபிள் வழியே தரும் மின்சாரம்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செலவுக்கு முன் ஒரு சோதனை: இன்டர்ஃபேஸின் ஹை-இசட் (அதிக இம்பிடன்ஸ்) இன்புட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அது 1 மெகா ஓம் அளவில் இருக்கும். ஒலி கனத்தால் காரணம் உறுதி.

பழைய பாக்ஸை விற்றுவிடாதீர்கள். கீபோர்டின் பலமான சிக்னலை அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகவே தாங்கும், கிரவுண்ட் லூப் ஹம்மையும் (எர்த் இணைப்புகளால் வரும் இரைச்சலையும்) தடுக்கும்.