இரண்டு பில்லும் சேர்ந்து ஏறினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் நாங்கள் இருவர்தான். புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் சில மாதங்களாக மின் கட்டணம், தண்ணீர் கட்டணம் இரண்டுமே ஏறுகின்றன. மோட்டாரையும் முன்பைவிட அதிக நேரம் போட வேண்டியிருக்கிறது. பிளக்கில் செருகினால் மின் கட்டணம் பாதியாகும் என்று ஒருவர் ஒரு கருவி கொண்டுவந்தார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மறுபடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பெட்டியைப் பிரித்தால் ஒரு கெபாசிட்டரும் (மின்தேக்கி) பச்சை விளக்கும்தான் இருக்கும். விற்பவர் ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு, மின்னோட்டத்தை அளக்கும் ஆம்ப் மீட்டரைக் காட்டியபடியே கருவியைச் செருகுவார். ஆம்ப் இறங்கும், அது நிஜம்தான். ஆனால் வீட்டு மீட்டர் ஆம்பைக் கணக்கெடுப்பதில்லை, யூனிட்டைத்தான் கணக்கெடுக்கிறது. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கருவியைச் செருகினாலும் பிடுங்கினாலும் அந்த யூனிட் குறையாது.

தொழிற்சாலைகளில் கெபாசிட்டர் வைக்கிறார்களே என்று அவர் கேட்பார். வைக்கிறார்கள். பெரிய மோட்டார்கள் ஓடும் இடங்களில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம், குறைந்தால் அபராதம் போடும் கட்டண முறை உண்டு. கேவிஏ கணக்கில், அதாவது வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி வரும் அளவில், பில் போடுவதும் உண்டு. அங்கே கெபாசிட்டர் காசு மிச்சம் பிடிக்கும். அதையும் ஓடும் சுமையை அளந்து, அதற்கேற்ற அளவில் பொருத்துவார்கள். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். யூனிட் அல்லது கிலோவாட் மணி மட்டும் இருந்தால் அந்தக் கதைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. ஆலை பில்லைக் காட்டி வீட்டில் விற்கிற வேலை இது. இப்படிப்பட்ட பெட்டிகள் தாராளமாக விற்பனையாகின்றன. தடுக்க வேண்டியவர்களோ பில் எகிறியது ஏன் என்று கேட்டால், "உங்கள் வீட்டிலேயே பாருங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, வீட்டிலேயே பார்ப்போம். நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது. கீழ்த்தொட்டியில் விரிசல் என்றால் தண்ணீர் கட்டணம் மட்டும்தான் ஏறும். மின் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது, மோட்டாரும் கூடுதலாக ஓடுகிறது என்றால், மேலே ஏற்றிய தண்ணீர்தான் எங்கோ வீணாகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் யூனிட் கூடக்கூட விலையும் கூடுகிற அடுக்குக் கட்டணமாக இருந்தால், அந்தக் கொஞ்சம் உங்களை அடுத்த அடுக்கில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இரவு படுக்கும் முன் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குச்சி விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விடியும்வரை யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. காலையில் மறுபடி அளங்கள். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே கிட்டத்தட்ட 8 லிட்டர் போயிருக்கிறது.

இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் கழிப்பறை ஃபிளஷ் டேங்க் மேல்தான். அதற்குள் கொஞ்சம் எழுதும் மையை ஊற்றி, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மிதவை உயரமாக நின்று தண்ணீர் உள்குழாய் வழியே வழியும். சத்தமே இல்லாமல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர்கூட இப்படிப் போய்விடும். சொட்டுகிற குழாய் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் அது நாளைக்கு 20, 30 லிட்டர்தான்.

மட்டம் இறங்கவில்லையா? மோட்டார் ஓடும்போது மாடிக்குப் போய், வழிகுழாயில் தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். அது மழைநீர்க் குழாயோடு சேர்ந்திருந்தால் கீழே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம், பிளம்பரைக் கூப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. டேங்க் முழுவதையும் மாற்றச் சொல்வார், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வாஷரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வாஷரைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாற்றிய அன்றே மை சோதனையை மறுபடி செய்து, நிறம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.