ஒரே கையெழுத்து

கேள்வி: அந்தக் காலத்து ராஜா ஒரே கையெழுத்தில் போரையும் சமாதானத்தையும் முடிவு செய்தார். இன்றைய அமைச்சரவை, நாடாளுமன்றம் என்ற இழுபறியெல்லாம் இல்லை. அந்த வேகம் நமக்கு வேண்டாமா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: ஒரே கையெழுத்தா? நாலு கையெழுத்துப் போட்டும் செல்லாமல் போன கதை இருக்கிறது, கேளுங்கள்.

1905 ஜூலை. ஜெர்மனியின் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்ம் உல்லாசக் கப்பலில் பின்லாந்து வளைகுடாவுக்குப் போய், பியோர்க்கோவில் ரஷ்யாவின் பேரரசர் (ஜார்) இரண்டாம் நிக்கோலசைச் சந்தித்தார். ஜாரின் மனைவிக்குக் கைசர் பெரியம்மா மகன். நம் முறைப்படி ஜாருக்கு மச்சான். ஜப்பானிடம் உதை வாங்கி ஜார் நொந்துபோயிருந்த நேரம். மச்சான் சட்டைப்பையிலிருந்து ஓர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். நம்மில் ஒருவரை வேறு ஐரோப்பிய நாடு தாக்கினால் மற்றவர் ஐரோப்பாவில் துணைக்கு வரவேண்டும். அவ்வளவுதான். இருவரும் போட்டார்கள். ஜெர்மன் தரப்பில் ஓர் அதிகாரி போட்டார். ரஷ்யக் கடற்படை அமைச்சர் பிரிலெவ், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலே போட்டார்!

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி நான் இந்தப் பகுதியில் புலம்பாத மாதம் கிடையாது. சீட்டுக் கம்பெனிப் பத்திரமானாலும் சரி, செல்போனில் 'சம்மதம்' என்று தட்டுவதானாலும் சரி. பிரிலெவ் வழி வந்தவர்கள் நம்மூரில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த மனிதராவது பேரரசர் சொன்னாரே என்று போட்டார். நாம் இலவச விளையாட்டுக்காகப் போடுகிறோம்.

அப்புறம்? ஜார் ஊர் திரும்பியதும் வெளியுறவு அமைச்சர் லாம்ஸ்டார்ஃப் தலையில் கைவைத்துக்கொண்டார். பிரான்சோடு ஏற்கெனவே கூட்டணி இருக்கிறதே! பெர்லினில் இன்னும் வேடிக்கை. 'ஐரோப்பாவில்' என்ற சொல்லைக் கைசர் தானாகவே செருகியிருந்தார். இந்தியா பக்கம் இங்கிலாந்தை நெருக்காத ரஷ்யா நமக்கு எதற்கு என்று கேட்டு, சான்சலர் (பிரதமர் மாதிரி) பியூலோ ராஜினாமாவை நீட்டினார். கைசரோ, நீ போனால் மறுநாள் காலை நான் உயிரோடு இருக்கமாட்டேன், என் மனைவி மக்களை நினைத்துப் பார் என்று கடிதம் எழுதினார். ஜெர்மனியின் 1871 அரசியல் சட்டத்தின் 11-வது பிரிவு ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தைக் கைசருக்குக் கொடுத்தது. 17-வது பிரிவோ, சான்சலரும் கூடக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் உத்தரவு செல்லும் என்றது. ஒப்பந்தம் அப்படியே மக்கிப்போனது.

நீங்கள் கேட்கும் வேகம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் போர் அதிகாரம் சட்டப்படி இன்றும் அரச மகுடத்துடையது, பயன்படுத்துகிறவர் பிரதமர். 2013-இல் சிரியா மீது தாக்குதல் நடத்தப் பிரதமர் டேவிட் கேமரன் எம்.பி.க்களைக் கேட்டார், 285-272 என்று தோற்றார். 2018 ஏப்ரலில் அடுத்த பிரதமர் தெரசா மே கேட்கவே இல்லை. நாடாளுமன்றம் ஈஸ்டர் விடுமுறையில் இருந்தபோதே சிரியாவில் குண்டு விழுந்துவிட்டது. இதில் அன்றைய ராணிக்கு என்ன வேலை?

மற்றபடி, குதிரைக் குளம்பொலியோடு ஒரு ராஜா தொடர்கதை கேட்டு மாதாமாதம் அஞ்சலட்டை போடும் நண்பருக்கு: இந்த இதழிலும் கிடையாது.