மதுரையில் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது மதுரை, இப்போது வேலையும் இங்கேதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் அக்கா குடும்பம் வெளியூரிலிருந்து வரும். மீனாட்சியம்மன் கோயில், மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், அழகர்கோவில் என்று அதே வரிசையில் கூட்டிப்போவேன். இந்த முறை எட்டாவது படிக்கும் அக்கா மகள், “எல்லாம் பார்த்தாச்சு மாமா, அடுத்த லீவுக்கு கொடைக்கானல் போயிடலாம்” என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. “யாருக்கும் தெரியாத மதுரை” என்று இணையத்தில் தேடினால் ஜிகர்தண்டா கடையும் பரோட்டா கடையும்தான் வருகின்றன. உண்மையிலேயே இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? அல்லது சொந்த ஊர்ப் பாசத்தில் நான்தான் ஏதோ இருப்பதாக நினைத்துக்கொள்கிறேனா?

ச.,
மதுரை

அன்புள்ள ச.,

அக்கா மகள் சொன்னது நியாயம்தான். கோயில் வாசலில் ஆட்டோ ஏறி மகால் வாசலில் இறங்கினால் நடுவில் இருக்கிற ஊர் கண்ணில் படாது. வருஷம் தவறாமல் அந்த ஐந்து இடங்களையே பார்த்தால் யாருக்கும் சலிக்கும். ஆனால் அந்தப் பட்டியலோடு இன்னும் ஐந்து இடங்களைச் சேர்த்தால் ஐந்து வருஷத்தில் அதுவும் சலித்துவிடும். அதனால் நான் இடம் சொல்லப்போவதில்லை, இரண்டு கேள்விகள் தருகிறேன். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்து பாருங்கள். மதுரையில் அப்படி நடந்தால் சாதாரணத் தெருமுனைகூடப் பேச ஆரம்பிக்கும்.

முதல் கேள்வி: மதுரைக் கோட்டை எங்கே போனது?

நாயக்கர் காலத்து மதுரை கோட்டைக்குள் இருந்த ஊர். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டுப் பெரிய கோட்டை கட்டினார். அதற்கு 72 கொத்தளங்கள், அதாவது சுவரிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடைகள், இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் இருந்தது என்று சொல்வார்கள். சுற்றிலும் அகழி. இன்று அதில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், தினமும். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம், மேல வெளி வீதியில் தனியாக நிற்கிற அந்தக் கருங்கல் திட்டுதான் மிச்சமிருக்கும் கொத்தளம். பஸ் பிடிக்கிற அவசரத்தில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நடையை அங்கேயிருந்து தொடங்குங்கள்.

1830களின் கடைசியிலும் 40களிலும் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியை மூட முடிவு செய்தார். ஊர் நெரிசலில் திணறியது, அகழியில் நீர் தேங்கி நோய் பரவியது. ஆனால் அவ்வளவு பெரிய வேலைக்கு அரசிடம் பணம் இல்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அங்கே மனை என்று அவர் அறிவித்தார். மதுரைக்காரர்கள் தங்கள் கையாலேயே தங்கள் கோட்டையை இடித்தது அப்படித்தான். அந்த வேலையில் நில அளவையாளராக இருந்தவர் மாரட், மேஸ்திரியாக நின்றவர் பெருமாள். மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இவர்கள் இருவர் பெயரில் வந்தவை. மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவில் இந்தத் தெருக்கள் ஊரைச் சுற்றி ஓடுகின்றன. அந்தச் சுற்றிலேயே நடந்து போனால், இல்லாமல் போன ஒரு கோட்டையை நீங்கள் முழுசாகச் சுற்றி வந்துவிடுவீர்கள். கலெக்டருக்கு நன்றிக்கடனாக ஊரார் நிறுத்தியதுதான் விளக்குத்தூண். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நீங்கள் கடந்து போகிற இடம்தான் அது.

இடித்தது சரியா தவறா என்று உங்கள் அக்கா மகளிடமே கேளுங்கள். என்னைக் கேட்டால், ஊர் மூச்சுவிட அது தேவைப்பட்டது. ஆனால் ஒரு பக்கச் சுவரையாவது விட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் அந்த ஒற்றைக் கொத்தளத்தைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

அதே நடையில் இன்னும் இரண்டு இடங்களில் நில்லுங்கள். மகாலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், துணிக்கடைகளுக்கு நடுவே பத்து பெரிய தூண்கள் கூரையில்லாமல் நிற்கும். அந்தச் சந்துக்குப் பெயரே பத்துத்தூண் சந்து. இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகால், திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் ஒரு பகுதிதான். இந்தத் தூண்களும் அதே அரண்மனையின் எச்சம். சந்தில் நின்றபடி மகால் இருக்கும் திசையைக் கணக்குப் போட்டால் அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று புரியும். மகாலுக்கு உள்ளே இருக்கும்போது அது புரியாது. இன்னொன்று, புதுமண்டபத்துக்குக் கிழக்கே எழுகடல் தெருவில் நிற்கும் ராயகோபுரம். அடித்தளத்தோடு நின்றுபோன வேலை. அந்த நிலைத்தூண்களின் உயரத்தைப் பார்த்தால், கட்டி முடித்திருந்தால் கோயில் கோபுரங்களே சின்னதாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றும்.

மேல மாசி வீதி வழியாகத் திரும்புகிறீர்களா? காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் வரை வேட்டிக்கு மாறியது அந்தத் தெருவில் உள்ள ஒரு வீட்டு மாடியில். காந்தி மியூசியத்தை வருஷா வருஷம் பார்க்கிற குடும்பம் ஒருமுறை இந்த மாடியையும் பார்க்கட்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது: கோட்டைக்கும் கோபுரங்களுக்கும் முன்னால் இந்த ஊரில் யார் இருந்தார்கள்? அதற்கான பதில் ஊருக்கு வெளியே, சுற்றி நிற்கிற மலைகளில் எழுதியிருக்கிறது.

எழுதியிருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அழகர்கோவிலுக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டிப் பக்கம் ஒரு குகைத்தளம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். அங்கே தங்கியது பாண்டவர்கள் இல்லை, சமணத் துறவிகள். அவர்களுக்காகக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைத் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் பொறித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் உப்பு வணிகர், ஒருவர் கொழு, அதாவது கலப்பை முனையில் மாட்டும் இரும்பு, விற்றவர், ஒருவர் பாணிதம், அதாவது வெல்லப்பாகு, விற்றவர். இன்னொருவர் ‘மத்திரை’ பொன்கொல்லன் ஆதன். மத்திரை என்பது நம் மதுரைதான். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் தொழிலையும் ஊரையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ராஜாக்கள் கல்வெட்டு வெட்டியது பெரிய விஷயமில்லை. ஒரு ஆசாரி பெயர் இவ்வளவு காலம் நின்றதுதான் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

ராஜா பெயரும் வேண்டும் என்றால் மாங்குளம். மீனாட்சிபுரத்துக்கு மேலே இருக்கிற குன்றில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கணிநந்தி என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் இடம், அமைத்துக் கொடுத்த செய்தி. வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், செய்த கொடையும் அங்கேயே இருக்கிறது. 1882இல் ராபர்ட் சீவெல் இந்தக் கல்வெட்டுகளைக் கண்டறிந்தபோது யாராலும் படிக்க முடியவில்லை. இது தமிழ் என்று 1924இல் கே.வி. சுப்ரமணிய அய்யர் எடுத்துச் சொன்னார். அதில் உள்ள பெயர் சங்கப் பாடல்களில் வருகிற பாண்டியர் பெயர்தான் என்று 1960களில் ஐராவதம் மகாதேவன் நிறுவினார். கண்டுபிடித்ததிலிருந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு வரியை முழுதாகப் படிக்க.

ஆனால் பிள்ளைகளோடு முதலில் அங்கே போகாதீர்கள். ஏற்றம் கடினம், படிப்பதும் கடினம். கீழக்குயில்குடிக்குப் போங்கள்.

நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம். மலைக்குப் பெயர் சமணர் மலை. ஒரு பக்கம் செட்டிப்புடவு, அதில் குகை வாசலுக்கு அருகே பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, சிற்பமாக அமர்ந்திருப்பார். குகைக்குள் குனிந்து போய் மேலே பார்த்தால், சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருகிறவனோடு போர் செய்கிற ஒரு இயக்கி, அதாவது சமணப் பெண் தெய்வம். அமைதியாக உட்கார்ந்திருக்கிற சிற்பங்களுக்கு நடுவில் இப்படி ஒரு சண்டைக் காட்சியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். படி ஏறிப்போனால் சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், காலைக் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி என்ற சமணத் துறவி. இதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்ற குறிப்பு இருக்கும். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி சாதாரண ஆள் இல்லை. மதுரையைச் சுற்றி மட்டுமில்லாமல் தென்தமிழ்நாட்டு மலைகள் பலவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. வீட்டைத் துறந்து போன பிள்ளையின் பெயரோடு சேர்த்துத் தன் பெயரையும் கல்லில் எழுதவைத்த தாய் அவர். அந்த வரிக்கு முன்னால் நின்று இதைச் சொல்லும்போது உங்கள் அக்காவின் முகத்தைப் பாருங்கள்.

மற்ற மலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யானைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில், கி.பி. 770ஐச் சேர்ந்தது. பாண்டிய மந்திரி மாறன் காரி தொடங்கி, வேலை முடியும் முன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். அரிட்டாபட்டியில் சமணமும் சைவமும் ஒரே ஊரில், குடைவரை சிவன் கோயிலோடு. அது 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். வல்லூறுகளைப் பார்க்கவே பறவை ஆர்வலர்கள் போவார்கள்.

அரிட்டாபட்டியைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். 2024இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து ஊர்கள் எல்லாம் திரண்டு எதிர்த்தன, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதற்கு முன் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோதும் அடிவாரத்து மக்கள்தான் தடுத்தார்கள். பசுமைநடை குழு பிறந்ததும் அந்தச் சமயத்தில்தான். அவர்கள் கூட்டாக மலைகளுக்கு நடக்கிறார்கள், தொல்லியல் அறிஞர்கள் வந்து அங்கேயே விளக்குவார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அப்படிப் போவதுதான் நல்லது என்பேன். இந்த மலைகள் இன்னும் நிற்கக் காரணம், பக்கத்தில் இருக்கிறவர்கள் அவற்றைத் தங்களுடையது என்று நினைத்தது. நகரத்திலிருந்து போகிற நாமும் அப்படி நினைத்தால் அடுத்த ஏலம் வரும்போது குரல் கொடுக்க இன்னும் நாலு பேர் இருப்பார்கள். சொந்த ஊர்ப் பாசமா என்று கேட்டீர்களே, அந்தப் பாசத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சில நடைமுறை விஷயங்கள். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், சாய்வாக விழுகிற காலை வெளிச்சத்தில்தான் கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே பாறை வெறும் பாறையாகிவிடும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசிப் பார்ப்பதைச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள், வழுக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கல்படுக்கைகள் மேலேயே காதலர் பெயர்களைப் பெயின்டில் எழுதிவைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். வயிறெரியும். பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மலை போதும். கீழக்குயில்குடியில் ஏறி இறங்கி, ஆலமரத்தடியில் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புங்கள். யானைமலை அடுத்த லீவுக்கு இருக்கட்டும். அக்கா மகளிடம் வட்டெழுத்து அட்டவணை ஒன்றை பிரின்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பேச்சிப்பள்ளத்தில் முழு வரியையும் படிக்க வேண்டாம், நாலைந்து எழுத்தை அடையாளம் கண்டால் போதும். எந்தெந்த எழுத்தைக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவள் கடிதத்தையும் இங்கே போடுகிறேன்.