சேர்ந்தால் போட்டிக் குழுவிலும் சேரட்டும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு குடும்பமாக அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரத்துக்குக் கிளம்புகிறீர்கள். பையன் அங்கே 9-ஆம் வகுப்பில் சேரப்போகிறான். பள்ளி அனுப்பிய பாடத் தேர்வுப் படிவத்தில் ஜே.ஆர்.ஓ.டி.சி. (ஜூனியர் ரிசர்வ் ஆபீசர்ஸ் டிரெய்னிங் கார்ப்ஸ்) என்று, நம் என்.சி.சி. மாதிரி ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு வருஷம் என்.சி.சி.யில் இருந்த பையன் அதைப் பார்த்ததும் ஆசைப்படுகிறான். குத்தாலத்தில் தாத்தாவோ, "அமெரிக்கப் பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கொடுக்கவா அவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்கிறார். நான் டெக்சாஸில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது, என் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். இப்போது விடுமுறைக்கு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறோம். அவளிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தாத்தாவுக்குப் பதில். ஜே.ஆர்.ஓ.டி.சி. பள்ளியில் நடக்கும் ஒரு பாடம். 1916-இல் வந்த சட்டத்தில் தொடங்கியது. பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் சார்ஜென்ட்களும். படித்து முடித்ததும் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உங்கள் பையன் ஹெச்-4 விசாவில், அதாவது அங்கே வேலைக்குப் போகிறவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் போகிறான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், அவனே விரும்பினாலும் அந்த ராணுவத்தில் சேர முடியாது. இதைத் தாத்தாவிடம் அப்படியே சொல்லுங்கள். அதே காரணத்தால் பள்ளியிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்த வகுப்புக்கான சட்டம் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மனதில் வைத்து எழுதியது. மற்ற பிள்ளைகளைப் பள்ளி முதல்வரின் ஒப்புதலோடு சேர்ப்பதுண்டு.

தாத்தாவின் பயத்தை அடியோடு தள்ளவும் மாட்டேன். சில பள்ளிகளில் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்காமலேயே இந்த வகுப்பில் போட்டுவிட்டதாக 2022-இல் பத்திரிகைகளில் வந்தது, அது சரியில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் பள்ளிக்கு வந்துபோவதும் உண்டு. அவர்கள் கேட்டால் பிள்ளையின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பள்ளி கொடுத்தாக வேண்டும். கொடுக்க வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை இந்த வகுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே விதிதான். ஆகவே சேர்க்கைக் காகிதங்களோடு அந்தக் கடிதத்தையும் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

துப்பாக்கி பற்றி உங்கள் வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். டிரில்லுக்குக் கையில் கொடுப்பது சுட முடியாத துப்பாக்கி. குறிபார்க்கும் போட்டி தனி. அது 10 மீட்டர் தூரத்தில், படுத்தும் மண்டியிட்டும் நின்றும் காற்றுத் துப்பாக்கியால் சுடுவது. நம் ஊர் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் சுடவைப்பதை நினைத்தால் அங்கே பள்ளியில் நடப்பது அதைவிடச் சின்னது.

இனி உங்கள் பையனுக்கு. வகுப்பில் பெயர் இருப்பதோடு நிற்காமல் முதல் வருஷமே போட்டிக் குழுவுக்கும் போகச் சொல்லுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

காரணம் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு 9-ஆம் வகுப்பு கொஞ்சம் பொல்லாத வருஷம். அந்த ஊர்ப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலிருந்தே சேர்ந்து படித்தவர்கள். மதியச் சாப்பாட்டு அறையில் எந்த மேசையில் போய் உட்காருவது என்பதே நம் பிள்ளைக்குத் தெரியாது. வகுப்பில் கூடப் படிப்பவர்கள் மணி அடித்ததும் கலைந்துவிடுவார்கள். டிரில் குழு அப்படி இல்லை. பள்ளி விட்ட பிறகும் சில இடங்களில் விடியற்காலையிலும் பயிற்சி இருக்கும், சனிக்கிழமை இருட்டோடு பேருந்து ஏறி வேறொரு பள்ளிக்குப் போவார்கள். ஒருத்தரின் பித்தளைச் சின்னத்தை இன்னொருத்தர் துடைத்துக் கொடுப்பார்கள், கழுத்துப்பட்டையைச் சரிசெய்வார்கள். என் மகளுக்கு அங்கே வாய்த்த முதல் தோழிகள் எல்லோரும் அந்தப் பேருந்தில் கிடைத்தவர்கள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அந்த வரிசையில் யாருக்கும் கவலையில்லை. கால் ஒன்றாக விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

போட்டியில் சீருடைச் சோதனை, துப்பாக்கியோடும் இல்லாமலும் டிரில், கொடி அணி என்று தனித்தனியாக இருக்கும். சில போட்டிகளில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவும் வைப்பார்கள். இவை எல்லாவற்றிலும் முதலாண்டுப் பிள்ளை பயப்படுவது சீருடைச் சோதனைக்குத்தான். நடுவர் முகத்துக்கு நேரே வந்து நிற்பார். பதவி வரிசை என்ன, பள்ளித் தளபதி யார் என்று உரத்த குரலில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். கண் அசையக்கூடாது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பதையும் அதே உரத்த குரலில் சொல்ல வேண்டும். வீட்டில் பாட்டி கேட்டாலே வாய்க்குள் முனகுகிற பெண் என் மகள். முதல் போட்டியில் அந்தக் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. அவர்கள் குழுவுக்கு அன்று பரிசு எதுவும் இல்லை. எனக்கு அந்தக் குரல் போதுமானதாக இருந்தது.

கடைசியில் நடக்கும் நாக்-அவுட் டிரில் உங்கள் பையனுக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் நிற்பார்கள். ஒருவர் கட்டளை கொடுத்துக்கொண்டே போவார், தப்புச் செய்தவர் வெளியேற வேண்டும். கட்டளை வேகமாக வரும், நடுவில் பொறியும் வரும். பரேடு ரெஸ்ட்டில், அதாவது காலை அகட்டிக் கையைப் பின்னால் கட்டி நிற்கும்போது, திடீரென்று 'லெஃப்ட் ஃபேஸ்' (இடப்பக்கம் திரும்பு) என்பார். அந்த நிலையிலிருந்து நேராகத் திரும்பக்கூடாது, முதலில் அட்டென்ஷன் வர வேண்டும். திரும்பியவர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். புதுப் பிள்ளை பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தாண்டிக் கடைசிவரை நிற்பது இதில் நடக்கக்கூடிய காரியம்.

இங்கேதான் கும்பகோணத்துப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்களும் என்.சி.சி.யில் இருந்ததாகச் சொன்னீர்கள், அதனால் உங்களுக்குப் புரியும். காலடியின் நீளமும் வேகமும் அமெரிக்கத் தரைப்படை டிரில்லிலும் நம்முடையதுதான்: 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 காலடி. அது அவனுக்குப் பெரிய வசதி. ஆனால் 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு, அங்கே 'அபவுட் ஃபேஸ்') சொன்னால் நாம் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அடிப்போம். அங்கே வலது கால் நுனியை இடது குதிகாலுக்குப் பின்னால் வைத்து, சத்தமில்லாமல் சுழல வேண்டும். கையை நாம் தோள் உயரத்துக்கு வீசுவோம். அவர்களுக்கு முன்னால் 9 அங்குலம், பின்னால் 6 அங்குலம், அவ்வளவே. சல்யூட்டில் நம் உள்ளங்கை முன்னால் தெரியும், அவர்களுடையது கீழ்நோக்கி மடங்கியிருக்கும். சின்ன வயதில் ஏறிய பழக்கம் அவசரத்தில் தானாக வெளியே வரும். அதனால் கிளம்பும் முன்பே பழகத் தொடங்கட்டும்.

செலவு பெரிதாக இல்லை. சீருடையைப் பள்ளியே கொடுக்கும், வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு நல்ல இஸ்திரிப் பெட்டி வாங்குங்கள், தேய்ப்பதை அவனே செய்யட்டும். டெக்சாஸில் இந்தப் பாடத்தை உடற்கல்விக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அதையும் பள்ளி ஆலோசகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லூரி விண்ணப்பத்தில் அழகாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். மனசில்லாத பிள்ளைக்கு அந்த வேலை சீக்கிரம் கசந்துவிடும். அரை வருஷம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் வேறு பாடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று இப்போதே விசாரித்து வைத்தால் உங்களுக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் முழுக்க ஊரில்தான் இருப்போம். குத்தாலத்திலிருந்து ஒரு நாள் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாத்தாவும் வரட்டும். குறுவை அறுப்புக்கு இன்னும் நாள் இருப்பதால் களம் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த 'அபவுட் ஃபேஸ்' திருப்பத்தை அவனுக்குக் கற்றுக்கொடுப்பதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். தாத்தாவுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ அதை அவளிடமே நேரில் கேட்கலாம்.