கனத்த குரலுக்கு என்ன வேடம்?

கேள்வி: டீச்சர், வணக்கம். நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக் கோவில் பஜனையில் பாடுவேன். என் குரல் கனமானது, மேல் ஸ்தாயிக்குப் போனால் கத்தலாகிவிடுகிறது. யூடியூபில் ஜீல் கஷ்மாய் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பாடியதைக் கேட்டேன். ஏறக்குறைய என் குரல் போலவே இருந்தது. அவர் யார்? இப்படிப்பட்ட குரலுக்கு ஓபராவில் என்ன வேடம் கிடைக்கும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கஷ்மாய் 1951இல் ஓர்ப் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆண்குரலில் மிகத் தாழ்ந்தது பாஸ், அதற்கு அடுத்து மேலே இருப்பது பாரிடோன். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குரல் இவருடையது, பாஸ்-பாரிடோன் என்பார்கள். 1982இல் பிரான்ஸின் எக்ஸான்ப்ரோவான்ஸ் இசை விழாவில், பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் ‘லே போரெயாட்’ ஓபராவில் பாடினார். 1763இல் எழுதிய அந்த ஓபரா முழு நாடகமாக மேடையேறியதே அப்போதுதான்.

இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் ஓபராக்களில் பெரிய வேடங்கள் இந்தக் குரலுக்கு உண்டு. ‘மாயப் புல்லாங்குழல்’ ஒலிப்பதிவில் பறவை பிடிக்கும் பாப்பகேனோ இவர்தான். 1994இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில், ‘டான் ஜொவானி’ ஓபராவின் நாயகன் டான் ஜொவானியாகவே நடித்தார். அந்த ஓபராவில் எஜமானும் வேலைக்காரன் லெபொரெல்லோவும் சட்டை மாற்றிக்கொண்டு ஊரை ஏமாற்றுவார்கள். இருவரின் குரலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருப்பதால்தான் அது எடுபடுகிறது.

ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் ‘பெலியாஸும் மெலிசாந்தும்’ ஓபரா. 1902இல் பாரிசில் அரங்கேறியது. இசை நடத்துநர் ஷார்ல் டுத்வா மான்ட்ரியல் சிம்பொனி இசைக்குழுவோடு செய்த ஒலிப்பதிவில் கஷ்மாய் கோலோவாகப் பாடுகிறார். கோலோ காட்டில் வழிதவறி அழுதுகொண்டிருந்த மெலிசாந்தை மணக்கிறான். பிறகு தன் தம்பி பெலியாஸோடு சேர்த்து அவளைச் சந்தேகப்படுகிறான். ஒரு காட்சியில் தன் சின்ன மகனைத் தூக்கிப் பிடித்து, உள்ளே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லச் சொல்கிறான். பையன் பயந்து நடுங்குகிறான், அப்பன் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பெரும்பாலும் பேச்சை ஒட்டிய பாட்டுதான், சங்கதிகளைக் கொட்டிக் காட்ட இடமே இல்லை. அடிக்குரலில் பொறாமையும் அன்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். மெல்லிய குரல்காரர் பாடினால் கோலோ வெறும் கோபக்காரனாகத்தான் தெரிவான். கடைசியில் அவள் சாகக் கிடக்கும்போதும் உண்மையைச் சொல் என்று கெஞ்சுவான். எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைத்துப்போகும்.

நம் தோட்டங்களில் உறுமி மேளத்தையும் மீறிக் கேட்க வேண்டுமென்று எல்லாரும் உச்சத்திலேயே பாடிப் பழகிவிட்டோம். அதனால் கனத்த குரலைக் குறையாகப் பார்க்கிறார்கள். அது தவறு. அடுத்த வெள்ளிக்கிழமை ஹார்மோனியக்காரரிடம் உரிமையோடு சொல்லுங்கள், ஒரு கட்டையாவது இறக்கிப் பிடிக்கட்டும். மறுத்தால், நீங்கள் தொடங்கிவைக்கும் ஒரு பாட்டுக்காவது இறக்கச் சொல்லுங்கள். அப்புறம், தொண்டை வலிக்கிற அன்றைக்குப் பாடவே வேண்டாம்.