மாலை போடவும் பறக்கத் தெரிய வேண்டும்

கேள்வி: எங்கள் படிப்பகத்தில் ஏப்ரல் 30 அன்று அமெரிக்க விமானி பெஸ்ஸி கோல்மனுக்கு நினைவு நாள் நடத்தப்போகிறோம். பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று. 'ஏரோப்ளேன் இறங்காத ஊரில் எவளோ ஒரு வெளிநாட்டுக்காரிக்கு விழாவா?' என்று பெரியவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
(ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்)

பதில்: பெஸ்ஸி டெக்சாஸில் பிறந்த 1892இல் உலகத்தில் எந்த ஊரிலுமே ஏரோப்ளேன் இறங்கியதில்லை என்று சொல்லுங்கள். ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவருக்கு 11 வயது. பருத்தி வெடிக்கும் காலம் வந்தால் கறுப்பர் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும், எல்லாரும் காட்டுக்குப் போக வேண்டும். அரூர்ப் பக்கம் பருத்தி எடுத்தவர்களைக் கேளுங்கள், காய்ந்த ஓட்டின் முனை நகக்கண்ணில் ஏறினால் எப்படியிருக்கும் என்று. அந்தப் பெண்தான் பிறகு சிகாகோவில் ஒரு முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நகம் சீர்செய்து பிழைத்தார். கறுப்பர், அதிலும் பெண் என்று அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் சேர்க்காததால் பிரெஞ்சு கற்றுக்கொண்டு 1920இல் பிரான்சுக்குக் கப்பலேறி, 1921 ஜூன் 15 அன்று விமானி உரிமத்தோடு நின்றார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் அவர்தான் முதல்.

சரி, பெரியவர்களுக்கு இது போதும். இனி உங்களிடம் கேட்கிறேன். தான் வளர்ந்த வாக்சஹாச்சி ஊரில் பெஸ்ஸி சாகசம் காட்ட வந்தபோது, வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு. ஒரே வாசல் வைக்காவிட்டால் பறக்கமாட்டேன் என்றார், வைத்தார்கள். (உள்ளே போனதும் இருக்கையைப் பிரித்துவிட்டார்கள், அது வேறு கதை.) உங்கள் விழாவுக்குக் காலனிப் பிள்ளைகள் வருகிறார்களா? வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியா, ஓரத்தில் பாயா?

அப்புறம் அந்த பிளெக்ஸ், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பெஸ்ஸி இறந்த கதை. 1926 ஏப்ரல் 30 அன்று புளோரிடாவில், மறுநாள் சாகசத்துக்கு இடம் பார்க்க எட்டிக் குனிய வேண்டியிருந்ததால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் பகுதியில் கிடந்த ஒரு ஸ்பானர் கட்டுப்பாட்டுக் கருவியில் சிக்கி விமானம் கவிழ, 34 வயதில் கீழே விழுந்து இறந்தார். கறுப்பர்களுக்கென்று விமானப் பள்ளி திறக்க வேண்டும் என்ற ஆசை அப்படியே நின்றது. நம்மூரிலும் இதுபோல ஒன்று உண்டு. சுப்பிரமணிய சிவா 1925இல் பாப்பாரப்பட்டியில் இறந்தபோது, அவர் எழுப்ப நினைத்த பாரத மாதா கோயில் அடிக்கல்லோடு நின்றது. அதை முடிக்க நமக்குத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் மாலைக்கு மட்டும் குறைவிருந்திருக்காது.

சிகாகோக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். 1931இல் கறுப்பின விமானிகள் பெஸ்ஸியின் கல்லறைக்கு மேலே தாழப் பறந்து பூப்போட்டார்கள், பிறகு அதுவே வருஷா வருஷம் வழக்கமானது. வானத்திலிருந்து பூப்போட வேண்டுமானால் முதலில் ஓட்டத் தெரிய வேண்டுமே! அதனால் சங்கம் வைத்துக் கற்றுக்கொண்டார்கள், ராபின்ஸ் என்ற ஊரில் தாங்களே மண்ணைச் சமன்செய்து ஓடுதளம் போட்டார்கள், ஜேனட் பிராக் என்ற நர்ஸ் சொந்தக் காசில் சங்கத்துக்கு விமானம் வாங்கிக்கொடுத்தார்.

உங்களுக்கு ராயக்கோட்டை வழியாகப் போனால் ஓசூர், அதன் பக்கத்திலேயே பேலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம். அனுமதி கேட்டு இப்போதே கடிதம் போடுங்கள். மறுத்தால் இன்னொரு கடிதம் போடுங்கள். படிப்பகத்துப் பெண்பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு வேனில் நெருக்கி உட்காரவைத்தாவது கூட்டிப்போங்கள், மாலைக்கும் மைக் செட்டுக்கும் வைத்திருக்கிற காசு டீசலுக்கு ஆகும்.

பிளெக்ஸ் கொடுத்தாயிற்று என்கிறீர்கள், சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருக்கிற ஜம்போ ஜெட்டைத் தூக்கிப் பின்னால் ஒட்டிவிடப்போகிறார். போய் நிறுத்துங்கள். பெஸ்ஸி ஓட்டியது மரச்சட்டத்தில் துணி போர்த்திய, இரண்டடுக்கு இறக்கை வைத்த விமானம்.