ஹோண்டா பி16ஏ-வுக்கு கனெக்டிங் ராட்: எச்-பீமா, ஐ-பீமா?

ஹோண்டாவின் பி16ஏ எஞ்சினை டர்போ இல்லாமல் 8500 ஆர்பிஎம் வரை ஓட்டப் போகிறேன், எந்த கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ராடின் குறுக்குவெட்டு எச் வடிவமோ ஐ வடிவமோ, 4340 என்ற வலுவான ஸ்டீலில் ஒழுங்காகச் செய்தது எதுவும் உங்களுக்குப் போதும். ராடின் கீழ்ப்பக்கத்து மூடியைப் பிடிக்கும் போல்ட்டைப் பாருங்கள்.

டர்போ எஞ்சினில் ராட் வளைவது மேலிருந்து வரும் அழுத்தத்தால். உங்கள் எஞ்சினில் ஆபத்து இழுவை. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதைக் கீழே தள்ள மேலே காற்றழுத்தம் இருக்காது, ராட் தான் இழுத்து வர வேண்டும். பிஸ்டன், பின், ராடின் மேல்பக்கம் சேர்த்து 600 கிராம் என்று வைத்தால் 8500-ல் சுமார் 2.4 டன் வருகிறது, அதுவும் நொடிக்கு 70 தடவை. 7000-ல் ஓட்டுவதைவிட இது 47 சதவீதம் அதிகம்! தாங்குவது இரண்டே போல்ட். ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஏ.ஆர்.பி. 2000 ரக ஸ்டீல் போல்ட் போதும். எல்19 என்ற ரகம் இன்னும் வலுவானது, ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும், தெருவில் ஓடும் வண்டிக்கு அந்தத் தலைவலி எதற்கு. டார்க் ரென்ச்சை மட்டும் நம்பாமல், போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று ஸ்ட்ரெச் கேஜ் வைத்துப் பார்த்து முறுக்கச் சொல்லுங்கள்.

நான் முதலில் விலை பார்த்து ஒரு செட் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, நாலுக்கும் எடை வித்தியாசம் ஒரு கிராமுக்குள். லேத்துக்காரர் பேரிங் போடாமல் கேப்பை (அந்த மூடியை) முறுக்கி, பிக் எண்டுக்குள் (ராடின் கீழ்ப்பக்கத்துப் பெரிய வளையம்) உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு மூன்று பக்கம் திருப்பினார், முள் 0.02 மில்லிமீட்டர் ஆடியது. "வட்டமா இல்ல தம்பி, முட்டையா இருக்கு" என்றார். கிராங்க்கில் அந்த வளையம் உட்காரும் 45 மில்லி ஜர்னலுக்கு எண்ணெய் இடைவெளியே 0.045 மில்லி தான், அதில் பாதி அங்கேயே போச்சு. உள்ளே தேய்த்து வட்டமாக்க, அதாவது ஹோன் பண்ண, ஆன காசையும் சேர்த்தால் நல்ல ராடே வாங்கியிருக்கலாம்.

அப்புறம் நீளம். பி16ஏ ராட் 134 மில்லிக்குக் கொஞ்சம் மேல், அதே பி-சீரிஸ் குடும்பத்து பி18சி எஞ்சினுடையது 138-ஐ ஒட்டி. 'பி-சீரிஸ்' என்று மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள்.

8000-க்குள் ஓட்டினால் போதும் என்றால் கம்பெனி ராடே நல்ல ராட். போல்ட்டை மாற்றி, பிக் எண்டை ஹோன் பண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள், மிச்சக் காசுக்கு வால்வ் ஸ்பிரிங் வாங்கலாம்.